ஜெயித்தவர் முகம் மட்டும்: ஆன்லைன் சூதாட்ட விளம்பரத்தைப் படிக்கும் முறை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம். விசைப்படகில் கூலிக்கும் பங்குக்கும் போகிறவர்கள், கோவளம் தொடங்கி மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கடப்பாக்கம் வரை, அந்த இரண்டு மாதமும் கரையில்தான். பள்ளிகளுக்குக் கோடை விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. கல்லூரிப் பிள்ளைகள் தேர்வு முடிந்து வீட்டில் இருப்பார்கள். மதுராந்தகம் பக்கம் ஆலைக்குக் கரும்பை அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கிற விவசாயியும் உண்டு. ஐபிஎல் கிரிக்கெட்டும் அதே காலத்தில்தான் நடக்கிறது: 2024-இல் மார்ச் 22 முதல் மே 26 வரை, 2025-இல் மார்ச் 22 முதல் ஜூன் 3 வரை. பண ஆட்ட விளம்பரங்கள் வெள்ளமாக வந்ததும் அந்த வாரங்களில்தான்.

கடப்பாக்கத்து மீனவரைப் பிடிக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை. எந்த வயது, எந்த ஊர், ராத்திரி எத்தனை மணி வரை முழித்திருக்கிறார், என்ன பார்க்கிறார் என்பதெல்லாம் போன் வழியாகவே தெரிந்துவிடுகிறது. கையில் நேரம் நிறைய, பையில் பணம் குறைவு என்றிருக்கும் ஆளிடம் விளம்பரம் தானாகவே போய்ச் சேரும்.

இந்த அத்தியாயத்தில் இரண்டு வேலை. அப்படிப்பட்ட விளம்பரத்தை வரி வரியாகப் படிக்கப் பழகுவது ஒன்று. வீட்டில் ஒருவர் சிக்கிவிட்டால் செய்ய வேண்டியதைத் தெரிந்துகொள்வது இன்னொன்று. இரண்டுக்கும் அடிப்படையாக நான் நம்புவது இதுதான்: இந்த விளம்பரங்களின் பலம் முழுவதும் தனியாக இருப்பவரிடம்தான் செல்லும். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து "எவ்வளவு போட்டாராம்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பாதி பலம் போய்விடும்.

லாட்டரிக் கடை இருந்த காலம்

நம் மாநிலத்துக்குச் சூதாட்ட விளம்பரம் புதிதில்லை. அண்ணா முதலமைச்சராக இருந்த 1968-இல் அரசே பரிசுச் சீட்டை நடத்தத் தொடங்கியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகம் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இன்றும் மனப்பாடம். எவ்வளவு கெட்டிக்காரத்தனமான வாசகம் என்று இப்போது பார்த்தால் தெரிகிறது. தோற்றவருக்கும் அது ஒரு மரியாதை கொடுத்தது. பணம் போனாலும் நாட்டுக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளலாம் அல்லவா? பிறகு தனியார் சீட்டுகள், வெளிமாநிலச் சீட்டுகள், சுரண்டல் லாட்டரி என்று பெருகி, கூலி வாங்கிய கையோடு கடைக்குப் போகும் நிலை வந்தது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது.

அந்தக் காலத்தில் தோற்றவர் கண்ணில் பட்டார். பேருந்து நிலையத்து லாட்டரிக் கடை முன்னால் கிழித்துப் போட்ட சீட்டுகள் குப்பையாகக் கிடக்கும். காலையில் முடிவு பார்க்க வந்தவர்களின் முகத்தை எதிர் டீக்கடையில் இருப்பவர் பார்ப்பார். ஒருவன் தினமும் சீட்டு வாங்கினால் வீட்டுக்குச் சேதி போய்விடும். விளம்பரம் என்ன சொன்னாலும் அதற்கு மறுப்பு தரையிலேயே கிடந்தது.

போனில் அந்தக் குப்பை விழுவதில்லை. பக்கத்துப் படுக்கையில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாமல் ஒருவர் மாதச் சம்பளத்தைத் தோற்க முடியும். தெரிவதெல்லாம் ஜெயித்தவர் முகம் ஒன்றுதான், அதுவும் விளம்பரத்தில். அடிக்கடி கண்ணில் படுவதை அடிக்கடி நடப்பதாக மனம் எடுத்துக்கொள்ளும். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973-லேயே இதை எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஒரு விளம்பரத்தைப் பிரித்துப் பார்ப்போம்

கீழே உள்ளது மாதிரிக்காக நான் எழுதியது. இதே சாயலில் வந்தவற்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, தானே போனைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்:

"வணக்கம்ணே, நான் சாதாரண டிரைவர். போன வாரம் டீ குடிக்க வண்டிய நிறுத்தினப்ப சும்மா ஆடிப் பாத்தேன். 48,300 ரூபாய் ஜெயிச்சேன்! அஞ்சே நிமிஷத்துல பேங்க் அக்கவுன்ட்டுக்கு வந்துடுச்சு. இது அதிர்ஷ்டம் இல்லண்ணே, திறமைக்கான ஆட்டம். நூறு சதவீதம் லீகல். இப்ப டவுன்லோட் பண்ணா 5,000 ரூபாய் வரைக்கும் வெல்கம் போனஸ். இன்னிக்கு ராத்திரி வரைக்கும்தான்!"

முதலில் அந்தக் காக்கிச் சட்டை. நட்சத்திரங்களை வைத்து எடுத்த விளம்பரம் நம்பிக்கையை வாங்கித் தந்தது. 2020 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, விராட் கோலி, சௌரவ் கங்குலி, பிரகாஷ் ராஜ், தமன்னா உள்ளிட்டோருக்கு இப்படிப்பட்ட விளம்பரங்களில் தோன்றியது குறித்து நோட்டீஸ் அனுப்பியது. ஆனால் நட்சத்திரம் ஜெயித்தால் "அவர் வேறு ஆள்" என்று நாம் ஒதுங்கிவிடலாம். டிரைவர் ஜெயித்தால் ஒதுங்க முடியாது. "அவருக்கு வந்தது எனக்கு ஏன் வராது?" என்று கேட்க வைப்பதற்குத்தான் அந்தச் சட்டை. அவர் உண்மையில் டிரைவரா, ஒரு நாள் கூலிக்கு நடித்தவரா என்று கண்டுபிடிக்க நமக்கு வழியில்லை.

"சும்மா ஆடிப் பாத்தேன்." அவர் திட்டமிட்டு உட்காரவில்லை, பணத்தாசை பிடித்தவர் இல்லை, டீ குடிக்கிற நேரத்தில் நடந்துவிட்டது. தினமும் காலியாகக் கிடக்கும் ஐந்து நிமிடத்தை விளம்பரம் அடையாளம் காட்டிவிட்டது. செங்கல்பட்டு மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும்போதும், ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் ஷிப்ட் முடிந்து திரும்பும்போதும் அந்த ஐந்து நிமிடம் வரும்.

அடுத்தது 48,300. ஐம்பதாயிரம் என்று முழுத் தொகையாகச் சொன்னால் கதை போல இருக்கும். முந்நூறு ரூபாய் சேர்ந்ததும் அது கணக்காகிவிடுகிறது. கேட்க வேண்டியது ஒன்று: அந்த மாதம் முழுவதும் அவர் எவ்வளவு போட்டார்? 60,000 போட்டு 48,300 எடுத்தவரும் "ஜெயிச்சேன்" என்றுதான் சொல்வார். அது பொய்யும் ஆகாது. விளம்பரத்தில் வெற்றித் தொகை இருக்கும், போட்ட தொகை இருக்காது.

"அஞ்சே நிமிஷத்துல" என்பது கடவுச்சொல் திருட்டுக்கும் போலி ஆப்புக்கும் பயப்படுகிறவருக்கான பதில். சட்டத்துக்குப் புறம்பான ஆப்களில் இது ஒரு பழகிய தந்திரமாகவே இருக்கிறது. முதலில் 200, 500 என்று சின்னத் தொகைகள் உடனே கைக்கு வந்துவிடும். நம்பிக்கை ஏறி, தொகையும் ஏறியபின் "வரி கட்டினால்தான் எடுக்க முடியும்", "சரிபார்ப்புக் கட்டணம் அனுப்புங்கள்" என்று தொடங்குவார்கள். உங்கள் பணத்தை எடுக்க நீங்களே மேலும் பணம் கட்டச் சொன்னால் உள்ளே இருப்பது போய்விட்டது என்று பொருள். கட்டாதீர்கள்.

இனி "திறமை". என் கணிப்பில் மிகப் பெரிய சேதம் செய்த சொல் இதுதான், அதனால் கொஞ்சம் நிற்கலாம்.

1967-இல் உச்ச நீதிமன்றம் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில், பதின்மூன்று சீட்டு ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, மூணு சீட்டு போல முழு அதிர்ஷ்டம் கிடையாது என்று சொன்னது. செகந்திராபாத்தில் உறுப்பினர்கள் கூடி ஆடிய ஒரு மனமகிழ் மன்றத்தைப் பற்றிய வழக்கு அது. விளம்பரங்களில் வந்த "நூறு சதவீதம் லீகல்" என்பதன் வேர் இந்தத் தீர்ப்பு. அதே தீர்ப்பில், பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து மன்றத்தை நடத்துபவர் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் இருக்கிறது. அந்தப் பகுதியை எந்த விளம்பரமும் சொன்னதில்லை.

நடத்துபவர் பார்க்கும் லாபம் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையே போடச் சொல்லுங்கள்.

இரண்டு பேர், சமமான திறமை. ஆளுக்கு 1,000 ரூபாய் கையில். ஓர் ஆட்டத்துக்கு ஆளுக்கு 100 ரூபாய் வைக்க வேண்டும். நடத்தும் கம்பெனி அந்த 200-இல் பத்து சதவீதம் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். 20 ரூபாய் கம்பெனிக்கு, 180 ஜெயித்தவருக்கு. நூறு ஆட்டம் ஆடுகிறார்கள், ஆளுக்கு ஐம்பது ஜெயிக்கிறார்கள். ஜெயித்த ஐம்பதில் ஒவ்வொன்றுக்கும் 80 ரூபாய் லாபம், மொத்தம் 4,000. தோற்ற ஐம்பதில் ஒவ்வொன்றுக்கும் 100 ரூபாய் நஷ்டம், மொத்தம் 5,000. முடிவில் ஆளுக்கு 1,000 போய்விட்டது. இருவருமே பாதி ஆட்டம் ஜெயித்தார்கள், இருவர் கையிலும் ஒரு பைசா இல்லை. 2,000 ரூபாயும் கம்பெனியிடம். மதகைத் திறந்தே வைத்த ஏரி இது: உள்ளே தண்ணீர் எந்தக் கரையில் மோதினாலும் மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். போட்ட பணம் நிற்க வேண்டுமானால் நூற்றில் 56 ஆட்டம் ஜெயிக்க வேண்டும், அதுவும் தன் அளவு திறமையுள்ளவரை எதிர்த்து.

இதற்கு மேல் வரி. 2023 அக்டோபர் 1 முதல் ஆட்டக் கணக்கில் போடும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 100 ரூபாய் போட்டால் அதில் ஏறத்தாழ 22 ரூபாய் வரி. அதே ஆண்டு ஏப்ரல் முதல் நிகர வெற்றித் தொகையில் 30 சதவீதம் வருமான வரிப் பிடித்தம். ஜிஎஸ்டிக்கு ஈடாகப் போனஸ் தருகிறோம் என்று பல கம்பெனிகள் சொல்லின. பணமாக எடுக்க முடியாத, மறுபடி ஆடுவதற்கு மட்டும் பயன்படுகிற போனஸ்.

"திறமை" செய்த சேதம் இந்தக் கணக்கோடு முடிவதில்லை. லாட்டரியில் தோற்றவர் "என் நேரம்" என்று சொல்லி நகர்ந்தார். திறமைக்கான ஆட்டத்தில் தோற்றவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறார். நமக்குத் திறமை போதவில்லை, இன்னும் பழகினால் வரும் என்று நினைக்கிறார். தோல்வி அவமானமாக மாறுகிறது, அவமானம் வாயை அடைக்கிறது. வீட்டில் சொல்லாதவர் ஆன்லைன் கடன் ஆப்பிடம் போகிறார், மனைவி மகளிர் குழுவில் வாங்கிய கடனைத் தொடுகிறார், கட்ட வேண்டிய ஏலச்சீட்டுப் பணத்தைத் தொடுகிறார். தமிழ்நாட்டில் இதனால் உயிரை விட்டவர்களின் செய்திகள் தொடர்ந்து வந்ததால்தான் 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. கடைசி நாள் வரை வீட்டில் யாருக்கும் தெரியாது என்பது அந்தச் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்த வரி.

போனஸ் பற்றிச் சுருக்கமாக. "5,000 ரூபாய் வரைக்கும்" என்பதில் "வரைக்கும்" என்பதுதான் உண்மை. பெரிய தொகை போட்டவருக்குப் பெரிய போனஸ், அதுவும் பல ஆட்டம் ஆடியபின் தவணையாக வரும். இன்று ராத்திரி முடிகிற சலுகை நாளைக் காலையிலும் இருக்கும். அந்தக் கெடு, வீட்டில் ஒருவரிடம் கலந்து பேச நேரம் கொடுக்காமல் இருப்பதற்காக வைத்தது.

வேகமாக ஓடிய அந்தக் குரல்

இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுமம் 2020 டிசம்பர் 15 முதல் பண ஆட்ட விளம்பரங்களுக்கு விதிகள் வைத்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் ஆடுவதாகக் காட்டக் கூடாது. ஆட்டத்தை வருமான வழியாகவோ வேலைக்கு மாற்றாகவோ காட்டக் கூடாது. நிதி ஆபத்து உண்டு, அடிமையாகலாம் என்ற எச்சரிக்கையை அச்சு விளம்பரத்தில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் போட வேண்டும். ஒலி, காட்சி விளம்பரத்தில் சாதாரணமாகப் பேசும் வேகத்தில், விளம்பரம் எந்த மொழியோ அந்த மொழியில் சொல்ல வேண்டும். பிறகும் எத்தனை விளம்பரங்களில் அந்த எச்சரிக்கை மூச்சு விடாமல் ஓடிப்போனது என்று ஐபிஎல் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.

இதை வைத்து வீட்டில் செய்யக்கூடிய ஒரு பயிற்சி இருக்கிறது. அடுத்த முறை இப்படி ஒரு விளம்பரம் வந்தால், அதில் உள்ள அத்தனை எழுத்தையும், அடியில் பொடியாக ஓடுவதையும் சேர்த்து, இன்னொருவர் முன்னால் சத்தமாகப் படியுங்கள். அப்பா, அக்கா, கூட வேலை செய்கிற அண்ணன், யாராக இருந்தாலும் சரி. நிதானமான குரலில், ஒரு மனிதருக்கு முன்னால் படிக்கும்போது "இது எப்படிப்பா நடக்கும்?" என்று கேட்பவருக்கு முன்பே படிப்பவருக்குத் தோன்றிவிடும். பள்ளி ஆசிரியர்கள் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளில் இதைப் பத்து நிமிடம் செய்து பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். கிரிக்கெட் ஆப்பில் பெரியண்ணன் பெயரில் கணக்கு வைத்திருக்கும் பிள்ளைகள் அந்த வகுப்புகளிலேயே இருப்பார்கள்.

சட்டம் வந்தபின் விளம்பரம் எங்கே போனது

தமிழ்நாட்டின் முதல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சந்துரு குழு அறிக்கைக்குப் பின் வந்த இரண்டாவது சட்டத்தை ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதன்படி ஆன்லைன் சூதாட்டத்தை விளம்பரம் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகச் சேர்த்தது மட்டும் செல்லாது என்றது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையத்தின் விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டத்தை நிறுத்தச் சொல்லின. இந்த விதியை வகுத்தவர்களுக்கு மனிதர்களைத் தெரிந்திருக்கிறது. விட்டதைப் பிடிக்கலாம் என்ற வெறி முற்றுவது வீடு தூங்கும் அந்த நேரத்தில்தான்.

பிறகு நாடாளுமன்றம். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடே இல்லாமல் எல்லா ஆன்லைன் பண ஆட்டங்களையும் தடை செய்கிறது. விளம்பரம் செய்தால் இரண்டாண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். பெரிய கம்பெனிகள் சில நாட்களிலேயே பண ஆட்டத்தை நிறுத்தின. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் இருந்த டிரீம் 11 பெயரும் போயிற்று. 2020-இல் 222 கோடி ரூபாய் கொடுத்து ஐபிஎல்லின் தலைப்பில் தன் பெயரைப் போட்டுக்கொண்ட கம்பெனி அது.

தொலைக்காட்சியில் வெளிச்சமாக வந்தது போய்விட்டது. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ரீல்ஸிலும் வருவது நிற்கவில்லை. இனி நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் ஆப்களின் விளம்பரம்தான். அவை எந்த விதிக்கும் கட்டுப்படுவதில்லை என்பதால் முன்பைவிட அதிகக் கவனம் தேவை.

முகமூடி போட்டு வருவது ஒரு வகை. 2022 அக்டோபரில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஓர் அறிவுரை வெளியிட்டது. ஃபேர்பிளே, பாரிமேட்ச், பெட்வே, வுல்ஃப் 777, ஒன்எக்ஸ்பெட் போன்ற பந்தய நிறுவனங்கள் செய்தித்தளம் என்றும் விளையாட்டு வலைப்பூ என்றும் வேடம் போட்டு விளம்பரம் செய்வதை அதில் எடுத்துக்காட்டியது. பெயருக்குப் பின்னால் "நியூஸ்" என்று ஒட்டிக்கொண்டால் போதும் என்ற நினைப்பு. கிரிக்கெட் செய்தி என்று ஒரு பெயர் வந்தால், அந்தப் பெயரில் பந்தய ஆப் இருக்கிறதா என்று பாருங்கள்.

பொய் முகம் அடுத்த வகை. 2024 ஜனவரியில் சச்சின் டெண்டுல்கர் ஓர் ஆட்ட ஆப்பைப் புகழ்ந்து, தன் மகளும் அதில் சம்பாதிப்பதாகச் சொல்லும் காணொளி பரவியது. கணினியில் செய்த போலி. அந்தக் காணொளி உண்மையில்லை என்று சச்சினே அறிவித்தார். தெரிந்த முகம், தெரிந்த குரல், தெரிந்த மொழி என்ற மூன்றும் இருப்பது இனி எதற்கும் சான்றில்லை.

டெலிகிராம் குழு மூன்றாவது. "கலர்" ஆட்டத்திலோ விமானம் மேலே ஏறும் ஆட்டத்திலோ அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்வதாக ஓர் ஆள் இருப்பார். நிமிடத்துக்கு ஒரு முறை வெற்றித் தொகையின் ஸ்கிரீன்ஷாட் விழும். "நன்றி அண்ணா", "இன்னிக்கு 12,000 எடுத்துட்டேன் அண்ணா" என்று பதில்கள் குவியும். தோற்றதாக எழுதியவரை நொடியில் நீக்கிவிடுவார்கள். அதனால்தான் அந்தக் குழுவில் தோற்றவரே கிடையாது. பணம் போடச் சொல்லும் யுபிஐ முகவரியைப் பாருங்கள்: முன்பின் தெரியாத தனி ஆளின் பெயர் இருக்கும், இரண்டு நாளில் வேறு பெயர் வரும். வாடகைக்கு வாங்கிய வங்கிக் கணக்குகள் அவை. மாதம் சில ஆயிரம் தருகிறோம், உன் கணக்கை மட்டும் கொடு என்று கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்கிறவர்களும் இதே ஆட்கள்தான். கொடுத்த பிள்ளை போலீஸ் விசாரணைக்குப் போக வேண்டியிருக்கும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான விளம்பரம் தோற்றபின் வருவது. இரண்டு நாள் ஆடாமல் இருந்தால் "உங்களுக்காக 500 ரூபாய் காத்திருக்கிறது" என்று செய்தி வரும். பெரிய தொகை தோற்றவருக்கு "விஐபி மேனேஜர்" என்று ஒருவர் போன் செய்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நலம் விசாரித்து, விட்டதில் பத்து சதவீதம் திருப்பித் தருவதாகச் சொல்வார். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாதவரிடம் அன்பாகப் பேசுகிற ஒரே குரல் அதுவாகிவிடுகிறது. நஷ்டத்தில் இருக்கும் மனிதர், சமாதானமாக இருக்கும்போது எடுக்காத அபாயத்தை எடுப்பார் என்பதை முன்னே சொன்ன கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதிய கட்டுரையில் காட்டினார்கள். அந்த மேனேஜருக்குக் கட்டுரை தெரியாமல் இருக்கலாம், மனிதரின் அந்த நிலை நன்றாகத் தெரியும்.

வீட்டில் பேசுவது

சிக்கிக்கொண்டவரிடம் "எவ்வளவு விட்டே?" என்று தொடங்கினால் பதிலாகப் பொய்தான் வரும். உண்மைத் தொகையைச் சொல்ல முதல் நாளே யாருக்கும் தைரியம் வராது. பேச்சு ஏறத்தாழ இப்படிப் போகலாம்:

"தம்பி, உன் போன்ல அந்த ஆப் இருக்கறது எனக்குத் தெரியும். திட்ட வரலடா. அம்மாகிட்ட நான் இன்னும் சொல்லல."

"விட்டத மட்டும் எடுத்துட்டு நிறுத்திடறேன்க்கா. இன்னும் ஒரு வாரம்."

"விட்டது போகட்டும். யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கணும்னு மட்டும் சொல்லு, ஒரு பேப்பர்ல எழுதிக்கலாம். எல்லாத்தையும் இன்னிக்கே அடைக்க வேணாம்."

போன பணத்தைப் பற்றிப் பேச்சை நீட்டினால் அதைப் பிடிக்கத் தோன்றும். கொடுக்க வேண்டிய கடனைப் பற்றிப் பேசினால் அடுத்த மாதத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்குவார். வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து ஒன்றாக உட்கார்ந்து பாருங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் தனிநபர் பெயர்களுக்குப் போன தொகைகளைப் பென்சிலால் வட்டமிடுங்கள். கடனை மொத்தமாக நீங்களே அடைத்துவிட வேண்டாம். அடைத்த மறு மாதம் புதுக் கடன் வாங்க அது இடம் கொடுக்கும். வட்டி ஏறுவதை முதலில், மிரட்டுவதை அதற்கடுத்து என்று வரிசைப்படுத்தித் தவணையாகக் கட்டலாம். சம்பளக் கணக்கின் யுபிஐ வரம்பை ஒரு நாளைக்குச் சில நூறு ரூபாயாகக் குறைக்க வங்கியிலோ ஆப்பிலோ வழி இருக்கிறது. அவர் சம்மதத்தோடு செய்யுங்கள்.

போனில் கூகுள் கணக்கின் விளம்பர அமைப்புகளுக்குப் போனால் சூதாட்ட விளம்பரங்களைக் குறைக்கும் வசதி உண்டு. அறியாத இடங்களிலிருந்து ஆப் நிறுவும் அனுமதியை அணைத்துவிடுங்கள், லிங்க்கில் வரும் ஆப்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் நுழைகின்றன. விளம்பரக் குறுஞ்செய்திகளை நிறுத்த 1909-இல் பதிவு செய்யலாம்.

பணம் ஏமாற்றப்பட்டிருந்தால், அதாவது எடுக்க விடாமல் தடுத்தோ மேலும் கட்டச் சொல்லியோ பறித்திருந்தால், 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அன்றே சொல்லுங்கள். சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது. "நானும் ஆடினேனே, என்னையும் பிடிப்பார்களா?" என்ற பயத்தில்தான் பலர் வாயைத் திறப்பதில்லை. மத்தியச் சட்டத்தில் ஆடியவருக்குத் தண்டனை கிடையாது. மாநிலச் சட்டத்தில் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்ற பிரிவு இருக்கிறது. தயக்கம் இருந்தால் புகாருக்கு முன் மதுராந்தகம் நீதிமன்றத்தின் வட்டச் சட்டப் பணிகள் குழுவிலோ 15100 என்ற எண்ணிலோ இலவசமாக ஆலோசனை கேட்கலாம். தயக்கத்திலேயே நாட்களைக் கடத்த வேண்டாம்.

தூக்கம் போய், சாப்பாடு போய், "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தால் கடன் கணக்கை அன்று மூடிவையுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், 104-லும் பேசலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சூதாட்ட அடிமைத்தனத்தை மருத்துவ உலகம் ஒரு நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது, சிகிச்சையும் உண்டு.

விளம்பரத்தின் மீதும் புகார் செய்யுங்கள். இதை யாரும் செய்வதில்லை, செய்தால் பலன் இருக்கிறது. விளம்பரத் தர நிர்ணயக் குழுமத்தின் வாட்ஸ்அப் எண் 77100 12345. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது தேதி, நேரம், விளம்பரம் போட்ட கணக்கின் பெயர், அது அழைத்துப்போகும் முகவரி, நடித்தவர் முகம் ஆகிய எல்லாமும் தெரிய வேண்டும். ரீல்ஸ் என்றால் திரையைப் பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளில் நீக்கிவிடுவார்கள். பணம் போடச் சொன்ன யுபிஐ முகவரியை மறக்காமல் சேர்த்து அனுப்புங்கள். விளம்பரத்தைத் தயாரித்தவர் வெளிநாட்டில் இருக்கலாம், அந்தக் கணக்கு இந்திய வங்கி ஒன்றில்தான் இருக்கும்.